மாமா முழுக்கெடுத்த காலை

என் சின்ன மாமா சங்கு குளிப்பவர். நாங்கள் கரையில் நின்று நூறு எண்ணும்வரை தண்ணீருக்கடியில் மூச்சடக்கி இருப்பார். எண்ணி முடித்த பிறகும் வராமல் எங்களை அழவைப்பார். அப்பேர்ப்பட்டவர், இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று நொடி முங்கி எழுவதற்குப் பயந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இதைச் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மாமா எடுக்கப்போனது பாப்டிஸ்ட்காரர்களின் முழுக்கு ஞானஸ்நானம். எங்கள் தெருவில் மற்ற எல்லோரும் கத்தோலிக்கர்கள். பிள்ளை பிறந்த சில நாளில் கோயிலுக்குத் தூக்கிப்போவார்கள். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றுவார். பிள்ளை வீலென்று கத்திவிட்டு ஒரு புனிதரின் பெயரோடு வீடு திரும்பும். மாமாவுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால் ஓர் அறையில் ஆராதனை நடத்திவந்த பாஸ்டர், அது செல்லாது என்றார். ஒன்றும் அறியாத பிள்ளைக்கு விசுவாசம் ஏது? விசுவாசித்தவன்தான் வாயால் அறிக்கையிட்டு, தானாக இறங்கி, முழு உடம்பும் முங்க வேண்டும். பழைய ஆளைப் புதைத்துப் புது ஆளாக எழுப்புவதற்கு அது அடையாளமாம். புதைப்பது என்பதால் மல்லாக்கச் சாய்ப்பார்களாம்.

பாஸ்டருக்கு விளாத்திகுளம் பக்கம், கரிசல் காட்டுக்காரர். கடலில் மல்லாந்து வருவது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் ஆட்கள் கயிற்றில் கட்டி இறக்கும் கல்லில் கால் ஊன்றி நின்றபடியே அடிக்குப் போவார்கள். மல்லாந்து வருவது பிணம் மட்டும்தான். பிள்ளைகள் விளையாட்டுக்கு அப்படி மிதந்தால்கூட முதுகில் பட்டென்று அடி விழும்.

அம்மாவுக்கு இந்த முழுக்குகூடப் பெரிதாகப் படவில்லை. மாதா சுரூபம் வேண்டாம், செபமாலை வேண்டாம், பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல வேண்டாம், பூசையில் கொடுக்கும் அப்பமும் திராட்சை ரசமும் வெறும் நினைவுக்குத்தான் என்று மாமா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தம்பிக்குப் பிடித்திருக்கும் கிறுக்கு நாலு நாளில் தெளிந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டாள். ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. செத்தவர்களுக்காக வேண்டக் கூடாது என்றார் மாமா.

எங்கள் வீட்டில் ஒரு செத்தவர் இருந்தார். பெரிய மாமா. ஆறு வருடத்துக்கு முன் சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்கியவர் ஏறவே இல்லை. படகில் கயிறு பிடித்திருந்தது சின்ன மாமாதான். அடியிலிருப்பவர் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். சின்ன மாமா தூக்கியபோது வெறும் கயிறுதான் வந்தது. உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் பெயரில் பூசை கொடுப்பதும், அவர் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகாமல் சீக்கிரம் மோட்சம் சேர வேண்டுமென்று செபமாலை சொல்வதுமாகவே சின்ன மாமா இருந்தார். அவரிடம் போய்த்தான் பாஸ்டர், அண்ணன் கர்த்தர் கையில் இருக்கிறார், இனி நீங்கள் அவருக்காகச் செய்ய ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்து ஒரு பகல் முழுக்கத் தூங்கினார். எழுந்து வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப அண்ணன் அங்கன தன்னந்தனியா கெடக்கட்டும்ங்கியா?" என்று கேட்டாள் அம்மா. அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறன்று விடியும்போது என்னை எழுப்பி, "ஏளா, முங்குறதுக்கு முந்தி எல்லாரு முன்னாலயும் சாட்சி சொல்லணுமாம்லா. பெரிய மாமாவப் பத்தி அவன் என்ன சொல்லுதாம்னு கேட்டுட்டு வா. ஒரு சொல்லு விடப்பிடாது" என்றாள். அப்பா தோணியில் கொழும்பு போயிருந்தார். ஏன் என்று கேட்க ஆளில்லை. நான் வேவு பார்க்கப் போனேன். எனக்கு அதில் பெருமைதான்.

கடல் அன்று அசையவே இல்லை. காற்றும் இல்லை. கல் கொட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் நீரோட்டம் மாறிவிட்டதென்று பெரியவர்கள் சொல்வார்கள். கரையில் காக்கை ஒன்றுகூட இல்லாதது எனக்கு என்னவோ போலிருந்தது. ஏழெட்டுப் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பாட்டும் அந்தக் கடலில் எடுபடவில்லை. மாமா வெள்ளை வேட்டி சட்டையில் நின்று, "நான் பாவி. இயேசுவை விசுவாசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சாட்சி. அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

பாஸ்டர் அவரை இடுப்பளவுக்குக் கூட்டிப்போய், மூக்கில் கைக்குட்டையை வைத்து மெல்ல மல்லாக்கச் சாய்த்தார். தண்ணீர் மூடியது. பாஸ்டர் தூக்கினார். அவர் கையில் கைக்குட்டை மட்டும் வந்தது.

பழக்கதோஷத்தில் நான் எண்ண ஆரம்பித்திருந்தேன். முப்பதில் பாட்டு நின்றது. அறுபதில் பாஸ்டர் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்றார். தரை தெரியும் தண்ணீர் அது. அதில் மாமா இல்லை. தொண்ணூறில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். நூற்றுப் பதினெட்டில், பாஸ்டருக்கு வெகுதூரம் அப்பால், கரைக்கு முதுகைக் காட்டியபடி மாமா நின்றிருந்தார். அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தமும் வரவில்லை.

திரும்பி நடந்து வந்தார். "என்னய்யா ஆச்சு?" என்று பாஸ்டர் கேட்டார். "ஒண்ணுமில்லய்யா" என்று சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார். எப்போதும் முங்கி எழுந்தால் அவர் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும். அன்று அது அசையவில்லை. என் தோளில் வைத்த கை ஐஸ்கட்டி போலிருந்தது.

"எத்தன எண்ணுன?"

"நூத்திப் பதினெட்டு."

தலையை ஆட்டிக்கொண்டார். "அம்மாட்டச் சொல்லு. அண்ணன் கயித்த ரெண்டு தடவ இழுத்தான். மொதத் தடவ, சும்மா வெளையாடுதாம்னு நெனச்சு எண்ணிக்கிட்டே இருந்துட்டேன். சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். பாஸ்டரு, மனுசங்ககிட்ட சொல்லவேண்டாம், கர்த்தர்கிட்ட சொன்னாப் போதும்னுட்டாரு. அக்காட்டச் சொல்ல வாய் வரல."

நான் அதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தவள், "ரெண்டு தடவையா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு கரிந்தது. நான் சரியாகத்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்குள் வளர்ந்தது. திரும்பி வந்தது மாமாதானா? மல்லாந்து போனவர் உயிரோடு வந்ததாக எங்கள் ஊரில் கேள்விப்பட்டதில்லை. பழைய ஆளைப் புதைத்துவிடுவோம் என்று பாஸ்டரே சொல்லியிருக்கிறார். மாமா மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அம்மா பேசாமல் சோறு போடுவாள், அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். நான் பக்கத்தில் போய் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். சில நாள் மூச்சு வரும். சில நாள் வெகுநேரம் வராது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. பெரிய மாமாவுக்குக் கல்லறை இல்லாததால் நாங்கள் கடற்கரையில் மணலைக் குவித்து ஏற்றுவோம். அந்தச் சாயங்காலம் அம்மா இரண்டு ஏற்றினாள்.

"இது யாருக்கும்மா?"

"சின்ன மாமாவுக்கு. அவனுந்தான் அன்னையிலேர்ந்து அங்கன கெடக்கான்."

செத்தவர்களுக்குத்தானே அன்று ஏற்றுவார்கள்? அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது! அந்த நேரம் பார்த்து அலையோரமாக மாமா நடந்து வந்தார். குருசு போடவில்லை, முழந்தாளிடவில்லை. வாடைக்காற்றில் இரண்டாவது சுடர் சாய்ந்து அணையப் போனது. மாமா குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டார். அது யாருக்கென்று அவர் கேட்கவில்லை. செத்தவர் தன் விளக்கைத் தானே காப்பாற்றிக்கொள்கிறார் என்று நினைத்து, நான் கண்ணை இறுக்க மூடி அம்மாவின் சேலைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து அக்காவும் தம்பியும் முதல்முதலாகப் பேசிக்கொண்டது அப்போதுதான். என்ன பேசினார்கள் என்று இருவரும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.