மட்கார்டும் மணிக்கட்டும்

வானதிக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் இறங்கும். அவள் சத்தம் போடுகிற வரைக்கும் பயமில்லை. பூதலூர்ப் பக்கத்தில் அவளோடு வாய்க்கால் தகராறு செய்த எல்லோருக்கும் இது தெரியும். புருஷன் ராம்கி ஷார்ஜாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம் முழுக்க, சொந்த நிலத்தையும் குத்தகை நிலத்தையும் அவள்தான் பார்த்தாள். முறைத்தண்ணீர் வருகிற நாளில் மேல்மடைக்காரர் வாழைமட்டையை வைத்து மடையை அடைத்துவிட்டுப் போனால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அடைப்பைப் பிடுங்கி, அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்ப் போடுவாள். "உங்க சாமான் தண்ணியில வந்துருச்சு, எடுத்து வச்சுக்கங்க" என்பாள், மெதுவாக. மறுநாள் மடை திறந்திருக்கும்.

ராம்கி ஒரேயடியாக ஊர் திரும்பியபோது ஒரு ஆசையோடு வந்தான். க்ரூசர் பைக். தாழ்ந்த சீட்டு, அகன்ற ஹேண்டில்பார், உடம்பு முழுக்கக் கறுப்பு. வாங்கிய நாளிலிருந்து தினமும் துடைத்தான். வெயிலில் வெந்த மனுஷன், ஒன்றை ஆசைப்படட்டும் என்று வானதியும் விட்டுவிட்டாள். அவளுக்கும் அதில் பின்னால் உட்கார்ந்து போகப் பிடித்திருந்தது. உரக்கடைக்கும் சந்தைக்கும் அதில்தான் போனாள். அந்தச் சத்தத்துக்கு வரப்பில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று இவள் இன்னும் நேராக உட்காருவாள்.

ராம்கியின் கண்ணை உறுத்தியது பின் மட்கார்டு ஒன்றுதான். "எரும முதுகு மாதிரி இருக்கு" என்பான். கடைசியில் ஒருநாள் அவளையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் இருந்த செழியனின் பட்டறைக்குப் போனான். பைக்குகளுக்கு விதவிதமாக வேஷம் கட்டி விடுகிற பட்டறை அது.

சுவரில் மட்கார்டுகள் வரிசையாகத் தொங்கின. பாதியில் வெட்டிவிட்டதுபோல ஒன்று. வானதி அதைப் பார்த்ததுமே, "இதப் போட்டா நம்மூரு சேறெல்லாம் என் முதுகுலதான்" என்றாள். நுனி விரிந்து நீளமாக ஒன்று. அது ராம்கிக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது, டயரின் வளைவை அப்படியே எடுத்து வார்த்ததுபோல உருண்டு இறங்கியது. ராம்கி அதன் முன்னாலேயே நின்றுவிட்டான்.

"இதுதாண்ணே" என்றான் செழியன். "டயரோட ஒட்டி உக்காரும். நடுவுல வெரல் போற அளவுதான் கேப்பு. அப்பத்தான் லுக்கு."

"நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டாள் வானதி.

"மேல குட்டியா ஒரு சீட்டு போட்டுத் தரேங்க்கா."

சரி என்று சொல்லிவிட்டு அவள் எதிர்க்கடைக்கு மோர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது.

பெயிண்ட் அடித்து மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அழகாகத்தான் இருந்தது. அவளே அதைச் சொன்னாள். அப்படிச் சொன்னதற்காகப் பிற்பாடு தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சம்பா நடவுக்கு நாற்றங்கால் தயாராக இருந்த சமயம். குடவாசலில் ராம்கியின் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. போய்விட்டு மறுநாள் நடவு ஆளுக்குச் சொல்லலாம் என்று காலையிலேயே கிளம்பினார்கள். தஞ்சாவூர் தாண்டியதுமே பின்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். "ஏங்க, கீழ ஏதோ ஒரசுது" என்றாள். "புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றான் ராம்கி. வலங்கைமானுக்கு முன்னால் ஒரு மதகு. அதை ஒட்டிப் பள்ளம். வண்டி இறங்கி ஏறியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பின்பக்கம் பாம்புபோல் நெளிந்தது. அடுத்த கணம் வானதி சாலையில் கிடந்தாள். வலது கையை ஊன்றித்தான் விழுந்திருந்தாள்.

ராம்கிக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டுப்போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். வலியில் கண்ணை மூடிக் கிடந்தவளின் காதில், கதவுக்கு வெளியே ராம்கி போனில் பேசுவது விழுந்தது.

"சரி செழியா, அத இப்பப் பேசாத. அவ முழிச்சுக்கிட்டு இருக்கா."

வானதி கண்ணைத் திறந்தாள். அவன் உள்ளே வந்ததும் கேட்டாள்.

"எதப் பேசக்கூடாது?"

"ஒண்ணுமில்ல. ரோடு சரியில்லன்னு சொன்னேன்."

"ரோடு சரியில்லங்கறத நான் கேட்டா என்ன?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே, கை கழுத்தில் தொங்க, பைக்கைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றச் சொன்னாள். "கை தேறட்டும், நானே எடுத்துட்டுப் போறேன்" என்றான் ராம்கி. "ஏத்துங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. ஏற்றினான். டிரைவருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். ராம்கி பின்னால் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தான்.

பட்டறையில் வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். செழியன் எழுந்து வந்து, "அக்கா, கை எப்படி இருக்கு?" என்றான்.

"கையை அப்புறம் பாக்கலாம். மட்கார்டக் கழட்டு."

கழற்றினான். அதைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னாள். உட்பக்கம் முழுக்க டயர் தேய்ந்த கறுப்பு ஈஷியிருந்தது. சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் நுனிகள் உள்ளே கத்திமுனை மாதிரி நீட்டிக்கொண்டு, உரசி உரசிப் பளபளத்தன. டயரில் அதே இடைவெளியில் கீறல்கள். ஒரு கீறல் ஆழமாகப் போய் வெடித்திருந்தது.

"ரெண்டு பேரு வெயிட்டுக்கு ஷாக் அப்சார்பரு கீழ எறங்கும்க்கா" என்றான் செழியன். "எறங்குனா டயரு மேல வந்து இடிக்கும். அதான்..."

"இது உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

செழியன் ராம்கியைப் பார்த்தான். ராம்கி தரையைப் பார்த்தான்.

"தெரியும்க்கா. அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேன். நீங்க மோர் குடிக்கப் போயிருந்தீங்க. கொஞ்சம் தூக்கி மாட்டுவோம், இல்லன்னா ஒத்த ஆளுக்குத்தான் தாங்கும்னேன். தூக்குனா லுக்கு போயிரும்னாரு. 'அவ எப்பவாச்சும்தான் ஏறுவா, மெதுவா ஓட்டிக்கிறேன்'னாரு."

நின்றிருந்தவர்களில் ஒருவன் மெல்ல நகர்ந்து வெளியே போனான். வானதிக்கு மதகோரத்தில் விழுந்தபோது வலித்ததைவிட இப்போது அதிகமாக வலித்தது. வாய்க்கால்காரன், மேல்மடைக்காரன், நெல்லை எடுக்காமல் இழுத்தடித்த வியாபாரி என்று எத்தனையோ பேர்மேல் கோபப்பட்டிருக்கிறாள். அவர்கள் எல்லாம் வெளியாட்கள். இந்த மனுஷன் வருவான் வருவான் என்றுதான் அத்தனை பேரோடும் சண்டை போட்டாள்.

"நான் எப்பவாச்சுமா?" என்றாள்.

"வானதி, அப்படி நெனச்சுச் சொல்லல..."

"நீங்க ஷார்ஜாவுல இருந்தப்ப எப்பவாச்சும்தான் வந்தீங்க. அதுக்காக உங்களுக்குப் பாய் விரிக்காம இருந்தேனா? எப்பவாச்சும் வர்ற மனுஷன்தானேன்னு ஊசிப்போன சோத்தப் போட்டேனா?"

ராம்கி பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"வழியில ஒரசுதுன்னு சொன்னேன். அப்பவாச்சும் நிறுத்தியிருக்கலாம். ஏன் ஒரசுதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஓட்டிக்கிட்டு வந்தீங்க."

செழியன் தப்பித்தோம் என்று பின்வாங்கப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ எங்க போற? அவரு சொன்னாரு சரி. இடிக்கும்னு தெரிஞ்சவன் சீட்ட ஏன் மாட்டுன? நான் எங்க உக்கார்றதுன்னு உன் எதிர்ல நின்னுதானே கேட்டேன்? சிரிச்சுக்கிட்டே போட்டுத் தரேன்னியே. யாரு உக்காருவான்னு போட்ட, பொம்மையா?"

இந்த இடத்தில்தான் அவள் குரல் ஏறியது. எதிரில் மோர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். செழியன் கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதான்க்கா. பழைய மட்கார்டு உள்ளதான் இருக்கு. அதையே மாட்டிடறேன்" என்றான்.

"வேணாம். அத மாட்டுனா இவரு நாளைக்கே மறந்துருவாரு. இதையே மாட்டு. தூக்கி மாட்டு. பாக்க எப்படி இருந்தாலும் இவரு அதுலதான் போகணும்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். செழியன் புது டயர் போட்டான். தடித்த இரும்புப் பட்டையில் கிளாம்ப் வெட்டி வெல்டிங் வைத்து, மட்கார்டை நாலு விரல்கடை உயர்த்தினான். போல்ட்டுகளைத் திருப்பி, வழவழப்பான தலை உள்ளேயும் நுனி வெளியேயும் வருகிற மாதிரி முடுக்கினான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இனிமே இடிக்காதுக்கா."

"ஏறு."

"நானா?"

"நீதான். அவரு ஓட்டட்டும், நீ என் எடத்துல உக்காரு."

இரண்டு பேரும் ஏறினார்கள். அவள் குனிந்து இடைவெளியைப் பார்த்தாள். "குதி" என்றாள். செழியன் குதித்தான். "நல்லாக் குதி. பள்ளம் சொல்லிக்கிட்டு வருமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த வேகத்தடைகளின்மேல் போய்வரச் சொன்னாள். போனார்கள். செழியன் ராம்கியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். மட்கார்டின் உட்பக்கம் சுத்தமாக இருந்தது. வண்டியின் பின்பக்கம்தான் வாலைத் தூக்கிய கோழி மாதிரி நின்றது. ராம்கி அதை ஒருதரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அதிலேயே ஊருக்குக் கிளம்பினான். வானதி பூதலூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அந்த சம்பாவில் அவளால் வயலில் இறங்க முடியவில்லை. ராம்கிதான் நாற்றுமுடியைச் சுமந்தான், மடை பார்த்தான், நடவு ஆட்களுக்கு டீ வாங்கி வந்தான். அவள் வரப்பில் நின்று ஏவினாள். "அந்த மூலையில தண்ணி நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தது. ராம்கி மண்வெட்டியோடு அந்த மூலைக்கு ஓடுவான். ஒருநாள் வீட்டுக்குள் வைத்து, "நான் பண்ணுனது தப்பு" என்று மட்டும் சொன்னான். "தெரியும்" என்றாள் அவள்.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. சாதம் வடிக்கலாம், களை பறிக்கலாம், முறுக்குகிற வேலை மட்டும் ஆகாது. பொங்கல் முடிந்து ஒருநாள், பஸ் வராமல் போனதால் பைக்கில் ஏறினாள். சந்தைவரை பேசவில்லை. ஆனால் ஏறினாள்.

துணி பிழிவது இப்போது ராம்கியின் வேலை. கொல்லையில் அவன் அவளுடைய சேலையை முறுக்கிப் பிழிந்து கொடியில் போடுவதை அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கிறார்கள். சிலர் நின்று கேலியும் செய்கிறார்கள். அவன் தலையைத் தூக்குவதில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"இன்னும் தண்ணி சொட்டுது பாருங்க. நல்லா முறுக்குங்க."