என் வெப்சைட்டில் ரூம் போட்டவர்கள்

போன பௌர்ணமியன்று மதியம் மூன்று மணிக்கு என் வீட்டு கேட் முன்னால் ஒரு கார் வந்து நின்றது. கணவன், மனைவி, கைத்தடியோடு ஒரு பெரியவர், மூன்று பைகள்.

“ரூம் இந்த வீடுதானே சார்? அரக்கோணத்துலருந்து வரோம். புக் பண்ணியிருக்கோம்” என்றார் அந்தப் பெண்.

நான் லாட்ஜ் நடத்தவில்லை. வேங்கிக்காலில் இரண்டு பெட்ரூம் வீட்டில் மனைவி சாந்தியோடு குடியிருக்கிறேன். வாரம் ஒருமுறை உங்களுக்கு இந்தப் பத்தியை எழுதுகிறேன். அவ்வளவுதான்!

அவர் போனை நீட்டினார். என் பெயர். மொட்டை மாடியிலிருந்து நான் எடுத்த மலை போட்டோ. கீழே, ‘உங்கள் அறை உறுதி செய்யப்பட்டது’.

ஐயோ... என் வெப்சைட்!

பழைய பத்திகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கலாமே என்று பத்து நாள் முன்புதான் அதை ஆரம்பித்திருந்தேன். எனக்கோ தெரியாத பட்டன் என்றாலே பயம். முதலில் பார்த்த சாஃப்ட்வேர் கோட் எழுதச் சொன்னது. மூடிவிட்டேன். இரண்டாவது, ஹோஸ்டிங் இருக்கிறதா என்று கேட்டது. அதையும் மூடினேன். மூன்றாவது, ‘ஒன்றுமே தெரியாதவர்களுக்கு’ என்றது. என்னைத்தான் கூப்பிடுகிறது!

ரெடிமேட் டிசைன்கள் வரிசையாக வந்தன. எழுத்தாளர்களுக்கானது ஒரே கறுப்பு... துக்க வீடு மாதிரி. கெஸ்ட் ஹவுஸுக்கானதில் ஒரு மலை இருந்தது. நமக்கும் மலைதானே? அதையே எடுத்தேன். கட்டில் படங்களை நீக்கினேன். ‘அறைகள்’ என்ற தலைப்பை ‘கட்டுரைகள்’ என்று மாற்றினேன். வாசகர்கள் தேடி வருவார்களே என்ற நப்பாசையில் மேப்பில் என் வீட்டையும் குறித்தேன். லேப்டாப்பில் நாலு தடவை சரிபார்த்தேன்.

போனில் பார்க்கவே இல்லை. போனில் திறந்தால் மட்டும் அடியில் ‘அறை பதிவு’ என்று ஒரு பட்டன் தெரியுமாம். அழுத்தினால் அதுவே உறுதிக் கடிதமும் அனுப்பிவிடும். எனக்கு வரவேண்டிய தகவலெல்லாம் நான் திறந்தே பார்க்காத பழைய மெயிலுக்குப் போயிருக்கிறது.

நான் அந்தப் போனையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

“அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்குது சார். அவரால சுத்த முடியாது. நாங்க கிரிவலம் போயிட்டு வர்ற வரைக்கும் அவர் படுக்கணும்னுதான் ரூமே போட்டோம். ரூம்... இருக்குதில்ல சார்?”

பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் ரூமா? செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் தொடங்கி பஸ் ஸ்டாண்டு வரை ஒரு கட்டில் காலி இருக்காது. இல்லை என்று சொன்னால் பெரியவர் எங்கே போவார்? அவர்கள் நேரே போலீஸுக்குப் போனால்? ‘போலி வெப்சைட் நடத்தி பக்தர்களை ஏமாற்றியவர் கைது’ என்று இதே பத்திரிகை முதல் பக்கத்தில் போடும். பத்திக்கு நான் கொடுத்த போட்டோ வேறு ஆபீஸில் ரெடியாக இருக்கிறது!

சாந்தி வெளியே வந்தாள். போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“உள்ள வாங்க. ஏங்க, நின்னுக்கினே இருக்கீங்க? பையை வாங்குங்க.”

எங்கள் கட்டிலில் பெரியவரைப் படுக்க வைத்தபின் சமையலறையில் மெதுவாகக் கேட்டாள்: “இன்னும் எத்தினி பேருக்கு ரூம் குடுத்திருக்கீங்க?”

பழைய மெயிலைத் திறந்தேன். இன்னும் மூன்று! விஷயத்தைச் சொல்ல ஒவ்வொருவராக போன் போட்டேன். முதலாமவர் “பரவாயில்ல சார்” என்றார். இரண்டாமவர், “நல்ல நாள்ல இப்படிப் பண்றீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?” என்றார். மன்னிப்புக் கேட்டேன். நியாயமான கேள்விதானே?

மூன்றாவது ஆள் உற்சாகமாக எடுத்தார். “திண்டிவனம் பார்ட்டிதான் சார். வேன் கீழ்பென்னாத்தூர் தாண்டிடுச்சு, அரை மணியில வந்துடுவோம். பதினாலு பேரு. டவுன்ல கூட்டம் ஜாஸ்தியா?”

ரூம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வாங்க வாங்க” என்று வந்தது. பயத்தில் வந்த உபசாரம்! சாந்தி பெரிய குக்கரை எடுத்து அடுப்பில் ஏற்றினாள்.

வெப்சைட் செய்ய ஈஸியான சாஃப்ட்வேர் எது என்று சிலர் என்னைக் கேட்கிறீர்கள். ஈஸி என்றால் என்ன தெரியுமா? நமக்குத் தெரியாததையெல்லாம் அதுவே முடிவு செய்துவிடும். தயவுசெய்து போனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மறுநாள் எல்லோரும் கிளம்பிப் போனபின், அந்தப் பாழாய்ப்போன பட்டனைத் தேடிப் பிடித்து நீக்க உட்கார்ந்தேன். நாற்பது கட்டுரை போட்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் ஒரு வரி கருத்து எழுதியதில்லை. இப்போது முதல் கருத்து வந்திருந்தது. அரக்கோணத்துப் பெண்தான்.

‘ரூம் சுத்தம். சாப்பாடு அருமை. அப்பா நன்றாகத் தூங்கினார். ஓனர் மட்டும் ஏனோ கடைசி வரை பயந்துகொண்டே இருந்தார். அடுத்த பௌர்ணமிக்கும் வருகிறோம்.’