ஏசிக்கு மாட்டிய பனியன்

காலையிலிருந்து ஏசியைப் பதினெட்டில் வைத்தும் வெக்கைக் காற்றுதான் வந்தது. வந்த மெக்கானிக் ரிமோட்டை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருச்சுங்க்கா" என்றார்.

"மாடியில அவுட்டோர் யூனிட்டப் பாத்தீங்களா?"

"வெயிலா இருக்குதுங்க."

நானே ஏறினேன். யூனிட் முழுக்க, எலாஸ்டிக் வைத்துத் தைத்த பனியன் துணி உறை. பனியன் கம்பெனி நடத்தும் என் கணவருக்கு போன் செய்தேன்.

"கம்பெனிப் பஞ்சு பறந்து வந்து யூனிட்டுல அடையுதுன்னு நாந்தான் நேத்து தெச்சு மாட்டுனேன். டபுள் லேயரு."

"அது மூச்சு விட வேண்டாமாங்க?"

"காட்டன்தானே, காத்து போகும்."

உறையைக் கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்துவிட்டது. மெக்கானிக் இன்னும் கேஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் சாப்பிட வந்த கணவரின் முதல் கேள்வி: "ஃபிட்டிங் சரியா இருந்துச்சா?"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பனியன் மாட்டியிருக்கிறார்கள்?