யாருக்கு ஓட்டு என்று கேட்ட தெரு

எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தலில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஜெயிக்கவும் செய்தார்கள், தோற்கவும் செய்தார்கள். எங்கள் தொகுதியில் ஒரு பக்கம் ஜெயித்தது. டில்லியில் மற்றப் பக்கம் ஜெயித்தது. ரேடியோவில் முடிவு வர வர, வடக்குக் கோடியில் ஒருவர் சரவெடி கொளுத்தினார். கொஞ்ச நேரத்தில் தெற்குக் கோடியில் இன்னொருவர் கொளுத்தினார். என் வீடு நடுவில் இருந்தது. புகை இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

சங்கரன்கோவிலில் நெசவுக்காரர்கள் தெரு எங்களுடையது. முன்பும் தேர்தல்கள் வந்திருக்கின்றன. முடிந்ததும் ஒரு வாரம் கேலி பேசுவார்கள், பிறகு நூல் விலையைப் பேசப் போய்விடுவார்கள். இந்தத் தடவை பேச்சுக்குள் நாடு வந்துவிட்டது. அது வந்தபிறகு கேலி நின்றுவிட்டது.

“நாட்டையே ஜெயில்ல போட்ட கூட்டத்துக்கு ஓட்டுப் போட்டவன்லாம் இந்தியனா வே?” என்பார் எதிர்வீட்டு அண்ணாச்சி. அவர் டில்லியில் ஜெயித்த பக்கம். என் மனைவியின் அண்ணன் நாலு வீடு தள்ளி இருந்தார். அந்த மச்சான் தொகுதியில் ஜெயித்த பக்கம். “நாளைக்கே நாட்டைக் கூறு போட்டு வித்துருவானுவ, பாத்துக்கிட்டே இரும்” என்று அவர் தன் வாசலில் நின்று பதில் சொல்வார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தெருவைப் பார்த்துப் பேசுவார்கள். தெருவில் யார் நடந்து போனாலும் அவன் தலையில் இரண்டும் விழும்.

என்னை இருவருமே தங்கள் ஆள் என்று நினைத்திருந்தார்கள். தப்பு என் மேல்தான். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. அண்ணாச்சி நோட்டீஸ் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். மச்சான் கொடுத்தபோதும் வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். தேர்தல் முடிந்தபிறகு இருவரும் தெருவை வீடு வீடாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். என் வீடு இரண்டு கணக்கிலும் வந்தது.

“என்னவே, பாதி அங்கன, பாதி இங்கன குத்திட்டீரா, நம்ம ஊர்ச் சாமி மாதிரி?” என்று அண்ணாச்சி கேட்டார். எங்கள் கோயிலில் சாமி ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள். நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு நாள் என் பாவைத் தெருவில் போட்டேன். பாவு என்றால் தறியில் ஏற்ற வேண்டிய நீட்டு நூல் மொத்தமும். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கவைக்கால் ஊன்றித் தாங்க வைத்து, கஞ்சி போட வேண்டும். கஞ்சி பட்டதும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று பெரிய பிரஷைப் பிடித்து, பாவு நெடுக இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பின்னால் நாலைந்து பேர் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டு வர வேண்டும். இதெல்லாம் ஈரம் இருக்கும்போதே நடக்க வேண்டும். காய்ந்துவிட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது நூல் இல்லை, கயிறு.

இதற்கு யாரையும் கூப்பிடுவது எங்கள் வழக்கமில்லை. விடிகாலையில் கவைக்கால் ஊன்றும் சத்தம் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். சண்டைக்காரன் வீட்டுப் பாவானாலும் வருவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி எதிரெதிரே நின்று பிரஷ் இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில் கவைக்காலை ஊன்றினேன். அந்த நம்பிக்கையில் கஞ்சியையும் போட்டுவிட்டேன்.

யாரும் வரவில்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். பல் விளக்கிக்கொண்டு நின்றார்கள், காப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். இறங்கி வரவில்லை.

மச்சான்தான் முதலில் பேசினார். “மாப்ளே, ஒத்த வார்த்தை. யாருக்குப் போட்டீருன்னு எல்லாருக்கும் கேக்க சொல்லிரும். எங்க ஆளுக எட்டுப் பேரு இப்பமே இறங்குதோம்.”

“அதையேதான் நானும் கேக்கேன்” என்றார் அண்ணாச்சி எதிர்ப்புறமிருந்து. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். “எங்க பக்கம்னா நாங்க வாரோம். அவுக பக்கம்னா அவுக வரட்டும். ரெண்டுங்கெட்டானா நின்னா நாட்டுக்கும் பிரயோசனமில்ல, வீட்டுக்கும் பிரயோசனமில்ல வே.”

ஒரு வார்த்தைதான். எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் பாவு பிழைத்துவிடும். பொய்யே சொன்னாலும் கண்டுபிடிக்க ஆளில்லை. என் முன்னால் ஒரு மாத வேலை ஈரத்தோடு தொங்குகிறது. வெயில் மேற்கு வரிசை வீடுகளின் சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அப்போது ஓட்டுப் போட்ட நாள் ஞாபகம் வந்தது. நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. அங்கே மேசைமேல் அட்டையை மடக்கி நிறுத்தி ஒரு மறைப்பு வைத்திருந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு அதற்குள் குனிந்தேன். எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு மூலை கிடையாது. தறிக்குழியில் கால் வைத்தால் பக்கத்துத் தறிக்காரன் கால் இடிக்கும். கல்யாணத்தைக்கூடப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடம் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு முழ அட்டைக்குள்தான். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நாடு எனக்குச் சொன்னது அங்கேதான். நாடு என்றால் இவர்கள் என்னவோ சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த நாடு அது.

“சொல்ல மாட்டேன்” என்றேன். “ஓட்டுப் போட்டேன். யாருக்குன்னு சொல்ல மாட்டேன்.”

“அப்ப நீரு துரோகிதான்” என்றார் மச்சான்.

“எந்தப் பக்கத்துக்குத் துரோகின்னாவது சொல்லுங்க மச்சான்” என்றேன். எங்கிருந்து அது வந்ததென்று தெரியவில்லை. வடக்குப் பக்கம் யாரோ சிரித்து அடக்கினார்கள்.

நான் பிரஷை எடுத்து ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க ஆளில்லாமல் அது பாவின்மேல் சாய்ந்தது. என் மனைவி சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். எங்கள் தெருவில் பெண்கள் வீட்டுக்குள் ராட்டை சுற்றுவார்கள், தறியும் நெய்வார்கள். தெருவில் இறங்கிப் பிரஷ் பிடித்ததில்லை.

“ஏட்டி, உள்ள போ” என்று அவள் அண்ணன் அதட்டினார்.

“வந்து நீரு பிடியும், நான் போறேன்” என்றாள். அவர் வரவில்லை. அவள் பிடித்தாள்.

அவள் உயரம் குறைவு. பிரஷ் அவள் பக்கம் தாழ்ந்து தாழ்ந்து போயிற்று. இரண்டு முறை போய் வருவதற்குள் அவள் உள்ளங்கை கன்றிவிட்டது. இழை பிணைக்க யாருமில்லாததால் அறுந்தவை அறுந்தபடியே தொங்கின. வடக்குப் பாதியை எப்படியோ பிழைக்க வைத்தோம். தெற்குப் பாதி காய்ந்து போயிற்று. அதை வீட்டுக்குள் கொண்டுபோய் ஒன்பது நாள் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தோம். பிரித்ததில் பாதி துண்டு நூலானது. அந்த மாதம் எங்கள் வீட்டில் இரண்டு வேளைதான் உலை வைத்தோம்.

அந்த ஒன்பது நாளில் ஒருநாள் கூட அவள் என்னிடம், யாருக்குப் போட்டீங்க என்று கேட்கவில்லை. அவள் யாருக்குப் போட்டாள் என்று நானும் கேட்கவில்லை. அண்ணன் சொன்ன பக்கம்தான் போட்டிருப்பாள் என்று தெரு நினைத்தது. தெரு நினைத்துக்கொள்ளட்டும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எதிர்வீட்டில் கவைக்கால் ஊன்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கஞ்சியைப் போட்டுவிட்டுத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் அன்று அவர் கட்சிக்கு வெற்றி ஊர்வலம். பாவுக்கு இருக்கிறோம் என்று சொல்லியிருந்தவர்கள், காலையில் லாரி வந்து நின்றதும் கொடியோடு ஏறிவிட்டார்கள். மிச்சம் இரண்டு கிழவர்கள்தான். மற்றப் பக்கத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அன்றைக்குப் போலவே காப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள்.

“போய்ப் பாருங்க” என்றாள் மனைவி. பழி தீர்க்கச் சொல்கிறாளா, உதவச் சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன். பிரஷின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

அண்ணாச்சி மறுபக்கத்தைத் தொடவில்லை. “யாரும் கூப்பிடலையே வே” என்றார்.

“பாவுக்கு எப்பம் அண்ணாச்சி கூப்பிட்டிருக்கு?”

“நீரு எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் பிடியும். கண்டவன் கையும் என் பாவுல படக்கூடாது.”

“அதைச் சொல்ல மாட்டேன். கஞ்சி காயுது. பிடிக்கவா, போகவா?”

தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மச்சான் தன் வாசலில் டம்ளரோடு நின்றார். அண்ணாச்சி பாவைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தார். நடந்தோம். பாவின் கடைசி வரை பிரஷை இழுத்துப் போனோம். திரும்பி வரும்போது மச்சான் வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும், அவருக்குக் கேட்கட்டும் என்று அண்ணாச்சி உரக்கச் சொன்னார்.

“வாயிலதான் சொல்ல மாட்டேங்கீரு. மனசுல நீரு எங்க ஆளுதான் வே.”

முன்னைப்போல் என்றால் தலையாட்டியிருப்பேன்.

“மனசுல என்ன இருக்குன்னும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி” என்றேன். “உங்க பக்கம் பிரஷ் தாழுது. தூக்கிப் பிடிங்க.”