மேலாளருக்கும் அதே பீப்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூர் தொழிற்பேட்டையில் நான் சேர்ந்த கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் புதிது. அந்த ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மேலாளர் மட்டும் ஷூவோடு வருவார். திரையில் தெரியும் பாகங்களின் அளவைப் பார்த்து அட்டையில் எழுதி லேத் பகுதிக்கு அனுப்புவது என் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர், யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் வரம்பு போட்டிருந்தார். அளவுகள் இருந்த ஃபைலை நான் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஒருமுறை விளையாட்டாக ஓர் எண்ணை அழிக்கப் பார்த்தேன். பீப் என்று கத்தி, அனுமதி இல்லை என்றது. சுருக்கென்றது. பார்க்கலாம், தொடக்கூடாது என்பது கெலமங்கலத்தில் கூலிக்குப் போன எங்கள் வீட்டுக்குப் புதிய பேச்சு இல்லை. இதை ஓர் இயந்திரமும் சொல்ல வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது.

பிறகு ஒரு நாள், லேத்தில் கடைந்த ஷாஃப்டெல்லாம் அளவு குறைந்து எதற்கும் உதவாமல் போயின. அட்டையில் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். திரையில் இருந்ததே தப்பு. ஆனால் நாள் முழுக்க அதன் முன்னால் உட்காருபவள் நான்தானே.

"உன் கைதாம்மா பட்டிருக்கும். நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் மேலாளர்.

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். தப்பு எங்கே என்று பார்க்க வந்திருந்த கம்ப்யூட்டர்காரர்தான் குறுக்கே வந்தார்.

"அந்தம்மா கைல ஆகாது சார். இங்கயே மாத்திக் காட்டச் சொல்லுங்க."

எண்ணை அழிக்க அழுத்தினேன். பீப். மேலாளருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. என்னை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து, தன் பெயரைப் போட்டு நுழைந்து அழித்துப் பார்த்தார். அதே பீப். டிசைன் பிரிவைத் தவிர யாரும் மாற்றக்கூடாது என்று உத்தரவு போட்டதே அவர்தான். அதில் தானும் சேர்த்தி என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

அவரைக் கண்டால் கேட் திறக்கும், கேன்டீன் வரிசை விலகும். ஆள் முகம் பார்க்காத ஒன்றை என் வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். என்னை விரட்டிய அந்தச் சத்தத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பின்னால் நின்றிருந்த டிசைன் இன்ஜினியர் மெதுவாக வாயைத் திறந்தார். வேறொரு ஆர்டருக்காக அளவை மாற்றியவர், பழையதைத் திரும்பப் போட மறந்துவிட்டாராம்.

மேலாளர் எழுந்து நகர்ந்து, "உக்காரும்மா" என்று நாற்காலியை எனக்கு விட்டார்.