ஒரே சட்டத்துக்குள் இருவர்

மதினியின் போன் வந்தபோது சிவகிரியில் என் வீட்டில் ஆஸ்பத்திரிக்கான பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். “ஒங்க அண்ணன் காலைல எந்திரிக்கவே இல்ல தாயி” என்றார். துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர் முந்திக்கொண்டார். சங்கரன்கோவில் பஸ்ஸில் எனக்கு அழுகையைவிடப் பயமே அதிகமாக இருந்தது.

என் அண்ணன் கோமதிநாயகம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் வரைந்தவர். மரம், மலை எதையும் தொடமாட்டார், மனிதர்கள்தான். அதுவும் எங்கள் சிறுவயதில் சங்கரன்கோவில் தெருக்களில் நடமாடியவர்கள். கேட்டால், “சாமியக் கல்லுல வச்சிருக்காவ. கும்பிட வந்த ஆளுகள யாரு வச்சிருக்கா?” என்பார்.

அவர் வரைந்ததில் பெரியது எங்கள் ஊர் அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாப் படம். விவசாயிகள் நேர்த்திக்கடனாக அம்மன் சப்பரத்தை நோக்கி வீசும் பருத்தியும் மிளகாய் வத்தலும் வானமெங்கும் பறக்கின்றன. கீழே நெரிசலில் அவரும் நானும் சின்னப் பிள்ளைகளாகக் கைகோத்து நிற்கிறோம். உண்மையில் அன்று அவர் என் கையை விட்டுவிட்டார். கூட்டம் கலையும்வரை நான் காணாமல் போயிருந்தேன். கூட்டம் என்றால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். படத்தைக் கண்டதும் வெடுக்கென்று கேட்டேன்: “ஏன் அண்ணே பொய்யா வரைஞ்சிருக்கிய?”

“பொய் இல்லட்டி. அன்னைக்கு ஒன்னயத் தேடுனேம்லா, அந்தப் பயம் இன்னும் போவல. இதுலயாவது பிடிச்சிக்கிடுதேன்” என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கண் நிறைந்தது.

போட்டோவில் இருப்பது தன் முகமே இல்லை என்பார். “நான் போனா இந்தப் படத்த வைங்க” என்று மதினியிடம் சொல்லியும் வைத்திருந்தார். அதில் நானும் இருப்பதை யோசிக்கவில்லை போலும்.

அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்தில், தலைமாட்டில் அந்தப் படம் இருந்தது. மாலை தயாராக இருந்தது. உயிரோடிருப்பவர் படத்துக்கு நம் வீடுகளில் மாலை போடுவதில்லை. என் மகள் ஓடிவந்து என் உருவத்தின்மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். “ஆபரேஷன வச்சிக்கிட்டு வேண்டாம்மா” என்றாள். சாவுக்குப் பயமில்லை என்று பெருமை பேச எனக்குத் தெரியாது.

ஆனால் துண்டு, கோத்த கைகளையும் மூடிவிட்டது. படத்தில் அந்தச் சிறுவன் மட்டும் கூட்டத்துக்குள் திகைத்து நின்றான். அன்றும் என்னைத் தேடி இப்படித்தான் நின்றிருப்பார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

“துண்ட எடுத்துரு மக்கா” என்றேன்.

மாலை எங்கள் இருவர்மேலும் விழுந்தது.

நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. போய்வாருங்கள் அண்ணே. இந்தத் தடவை என் கையை விட்டுவிடுங்கள்.