ஈர விரல் கணக்கு

பாம்பன் கரையில் வள்ளங்களுக்கு இன்ஜின் பார்ப்பவன் நான். கூச்சக்காரன். இந்த ஒரு வேலையில்தான் நாலு பேர் என்னைத் தேடி வருவார்கள். ஒரு வள்ளத்தின் இன்ஜின் இழுவையில்லாமல் திணறியது. மண்ணெண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகட்டும் என்று, அது பாயும் கார்புரேட்டர் ஜெட்டில் ஒரு மில்லிமீட்டர் துளையை ஒன்று புள்ளி இரண்டாக்கினேன். இன்ஜின் கரும்புகை கக்கியது. வள்ளக்காரர் கீழக்கரையிலிருந்து வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

ஒல்லியான மனிதர். கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் வலைநூல் கட்டியிருந்தார். நான் செய்ததைக் கேட்டுவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து வள்ளத்துப் பலகையில் கணக்குப் போட்டார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அது வெயிலில் காய்ந்துவிட்டது.

"புது ஜெட்ல ஒன்னு புள்ளி ஒன்னு போடுங்க," என்றார்.

"அவ்வளவுதானா?"

"அதை அதாலயே பெருக்கிப் பாருங்கண்ணே, அஞ்சுல ஒரு பங்கு கூடிரும். நீங்க போட்டதுல ஒன்றரை மடங்கு கிட்ட பாயுது. வட்டத்தோட பரப்புதான், எட்டாம் வகுப்புலயே இருக்குல்ல."

"ஏலே, அன்னைக்கு நீ பள்ளிக்கூடம் போகலையா?" என்று வள்ளக்காரர் சிரித்தார்.

போயிருந்தேன். அதுதான் வலித்தது.

துளையை நானே போட்டேன். வள்ளம் கடலில் இறங்கியபோது, மறுபடியும் புகைய வேண்டும் என்று மாதாவிடம் வேண்டினேன். புகையவில்லை. வள்ளம் சீறிக்கொண்டு போனது.

"அண்ணன் கை சுத்தம். துளையில ஒரு பிசிறு இல்ல," என்றார் கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி.

இத்தனை வருஷத்தில் இந்தக் கரையில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை. அதையும் அவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டியிருந்தது.